கப்பலுக்குக் கட்டிய நாடா

அத்தியாயம் ஒன்பது

என் கணவர் வேந்தன் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு முழம் நாடா.

காலை வேளை. புதுப் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். நந்திதுர்க்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய ஷெட். கை முழுக்க கிரீஸுடன் கதவருகில் வந்து நின்றார். விரல்களுக்கிடையில் அவருடைய எண் போட்ட பித்தளை டோக்கன். அதன் துளையில் கோத்திருந்த கம்பிக் கொக்கி முறிந்துபோயிருந்தது.

"அன்பு, அந்த நாடால ஒரு முழம் வெட்டிக் குடு."

"பாவாடைக்குப் பத்தாதுங்க."

"ஊக்கு போட்டுக்கோ. சாயந்தரம் வேற வாங்கியாறேன்."

"இன்னாத்துக்கு? கப்பலுக்குத் தாலி கட்டப் போறீங்களா?"

"ஆமா," என்றார் சிரிக்காமல். "கட்டிட்டா யாரும் அதுமேல கை வைக்க மாட்டாங்க இல்ல?"

வெட்டிக் கொடுத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் சாப்பிட்டாரா என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. மத்தியானம் பேத்தமங்களா ஏரியில், அவரே கட்டிய அந்தப் படகுக்கும் கரைப் படிக்கல்லுக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு ஒருநாள் காலை, நான் கூப்பிட்டனுப்பிய ராஜம்மா ஷெட்டுக்குள் வந்தார். நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

ராஜம்மா ராபர்ட்சன்பேட்டை பாத்திரக்கடை வீட்டுப் பெண். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, கொளுத்திய கடைகளுக்கும் ஒளித்துவைத்த லாரிகளுக்கும் பணம் கேட்டு வந்தவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆஸ்டின் அவருடைய ஆட்டோக்காரர், உதவியாளர். ராஜம்மா பேச மறந்ததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர்.

ஆஸ்டின் அண்ணாந்து படகைப் பார்த்தார். "மேடம், குழாய்ல தண்ணி வர்றதே வாரத்துக்கு ரெண்டு நாளு. இந்த ஊர்ல கப்பலு. நோவா வந்து பாத்தா அழுதிருப்பாரு."

"வாய மூடு ஆஸ்டின். அந்தப் பொண்ணு நிக்கறது தெரியல?"

"பரவாயில்லம்மா, பேசட்டும்," என்றேன். பேச்சுச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

ஊரில் கப்பல் என்று சொன்னார்களே தவிர, அது ஒரு பெரிய உல்லாசப் படகு. இரும்பு உடம்பு, உள்ளே சமையலறை, இரண்டு படுக்கையறை, மேலே உட்கார்ந்து காற்று வாங்க ஒரு தளம். எல்லாம் சேர்ந்து ஒன்பது டன். பெங்களூரு விநாயக் என்பவர் மங்களூர் பக்கத்து ஆற்றில் விடுவதற்காகக் கட்டச் சொன்னார். கடல் இல்லாத ஊருக்கு வந்து ஏன் கேட்டார் என்றால், தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, தடித்த இரும்பை வளைத்து ஒட்டத் தெரிந்த கைகள் இங்கேதான் சும்மா இருந்தன.

ஏரியிலிருந்து படகைத் திருப்பிக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். படகைத் தள்ளுகிற டிரைவ், அதன் பின்பக்கத்திலிருந்து கழற்றப்பட்டு மரச் சட்டத்தின் மேல் தனியாக நின்றது. ஆள் இடுப்பு உயரம். அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"நேரம் எவ்ளோ இருக்குது?" என்று ராஜம்மா கேட்டார்.

"மத்தியானம் ஆர்தர் அண்ணன் இந்த டிரைவை ஏத்த லாரி கொண்டு வராரு. 'உன் கண்ணு முன்னால அது இருக்க வேணாம் அன்பு, நானே எடுத்துக்கினு போயிடறேன்'னாரு. அவர்தான இத்த சப்ளை பண்ணவரு."

"விசாரணை அதிகாரி?"

"நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கறாராம். படகு கனம், அதுக்குப் பொருந்தாத டிரைவைக் கட்டினவரே தேர்ந்தெடுத்துட்டாரு. அப்டித்தான் எழுதப் போறாராம்."

"உனக்கு இன்னா வேணும், அன்பு?"

"அது நெஜமானு தெரியணும். அவரு தப்பா எடுத்து, அதனாலயே செத்துட்டாருன்னா நான் வாய மூடிக்கறேன். இல்லன்னா அந்த வரி காயிதத்துல வரக் கூடாது."

ராஜம்மா தலையசைத்தார். ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இத்த இன்னா டிரைவுன்னு சொல்லுவீங்க? எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு."

"ஸ்டெர்ன்டிரைவ். இன்ஜின் படகுக்குள்ள இருக்கும். இது மட்டும் பின்னால வெளிய தண்ணில தொங்கும்."

"அதாவது ஆளு வீட்டுக்குள்ள உக்காந்துகினு காலை மட்டும் ஏரில உட்டு ஆட்டறான்," என்றார் ஆஸ்டின்.

எனக்கு இது தெரிந்தது வேந்தன் ஒருநாள் அடுப்பங்கரையில் சொன்னதால். அதை அப்படியே ராஜம்மாவிடம் சொன்னேன். களி கிளறிக்கொண்டிருந்தேன். 'சாம்பாரை எந்தக் கரண்டியாலயும் வேகமா சுத்தலாம். களியைச் சுத்த முடியுமா? கட்டை வேணும். மெதுவா, பலமா போவணும். லேசான படகு சாம்பாரு. இது களி' என்றார். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. கனத்த படகுக்கு அந்த எண் பெரிதாக இருக்க வேண்டும். வேகம் குறையும், பிடி கூடும். 'ஓட்றது பெரிசில்ல அன்பு. ஒம்பது டன்னை நிறுத்தணும், அதுதான் பெரிசு.'

விநாயக்கின் இன்ஜினியர் ஹரிஷ் வேறொன்றைச் சொன்னான். ஒற்றை ப்ரொப்பெல்லர், வேகமான டிரைவ். இரண்டு பேருக்கும் இந்த ஷெட்டிலேயே வாய்ச்சண்டை நடந்தது. வேந்தன் விட்டுக்கொடுக்கவில்லை. இரட்டை ப்ரொப்பெல்லர், 2.3 எண் போட்டது வேண்டும் என்று தன் பால்ய சிநேகிதர் ஆர்தரிடம் கேட்டார். ஆண்டர்சன்பேட்டையில் ஆர்தருக்குப் பழைய இயந்திரக் கடை. கடலோர ஊர்களில் உடைக்கிற படகுகளிலிருந்து வாங்கி விற்பவர்.

"இதுல தகடு இருக்குது," ஆஸ்டின் குனிந்து படித்தார். "2.3. சரியாத்தான் கேட்டு வாங்கியிருக்காரு."

"தகடு சரி. அப்போ இன்னா தப்பு?" என்றார் ராஜம்மா. எழுந்து ஷெட்டைச் சுற்றி நடந்தார். சுவரில் இருந்த ஒரு பலகையின் முன் நின்றார். "இது இன்னா?"

என் மாமனார் நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்டில் வேலை பார்த்தவர். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் இறங்கும்போது ஒவ்வொருவனும் தன் எண் போட்ட டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் பலகையில் மாட்டி, எண் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைப்பான். திருப்பி வைத்திருந்தால் ஆள் பத்திரமாக மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம் என்பார் அவர். வேந்தன் அதே வழக்கத்தை ஷெட்டிலும் வைத்திருந்தார். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். ஏதாவது ஒரு மெஷினில் ஒருவனுடைய டோக்கன் தொங்கினால், அவன் வந்து கழற்றும்வரை வேறு எவனும் அதைத் தொடக் கூடாது. அது ஊருக்கே தெரியும்.

"214," ராஜம்மா டோக்கனைத் திருப்பிப் படித்தார். "இது யாருது?"

"அவர்து. முன்னால மாமாவோடது."

"செவுத்தப் பாத்துதான் மாட்டியிருந்துச்சு. சரியா இருக்குது இல்ல?"

நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். இத்தனை நாளாக அந்தப் பலகையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். பார்க்கவில்லை.

"இல்லம்மா. அது இங்க இருக்கக் கூடாது."

நாடா வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். தாலி கட்டும் கிண்டலையும் சொன்னேன். யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதையும்.

ராஜம்மா டிரைவின் பக்கத்தில் போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். பின்பக்கம், எண்ணெய்க் குழாய்கள் போகிற இடுக்கில் விரலைவிட்டு ஒன்றை இழுத்தார். கரும் எண்ணெயில் ஊறிய நாடா. ஒரு முனையில் வேந்தனுடைய இரட்டை முடிச்சு. மறு முனை நேராக அறுபட்டிருந்தது.

"இது கத்தி," என்றார் ராஜம்மா. "அவரு வெட்டியிருப்பாரா?"

"அவரு எந்த முடிச்சையும் வெட்ட மாட்டாரு. பூக்கட்டின நூலைக்கூட அவுத்து, மடிச்சி வெச்சிக்குவாரு."

"அப்போ, கட்டினது அவரு. வெட்டினது வேற ஆளு." ராஜம்மா எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. "ஆஸ்டின், நான் வரச் சொன்ன அந்தப் பெங்களூரு பையன் வந்துட்டானா?"

"கேட்ல ஹெல்மெட்டைக் கழட்டலாமா வேணாமானு யோசிச்சிகினு நிக்கறாரு."

ஹரிஷ் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான், நானும் கும்பிட்டேன். அவன் ஓட்டிய படகு. அவன் மேல் எனக்கிருந்தது கோபமா என்று அப்போது எனக்கே தெரியாது.

"மேடம், நான் போலீஸ்ல ஸ்டேட்மென்ட் குடுத்தாச்சு."

"நான் போலீஸ் இல்லப்பா. நீ சொன்ன டிரைவு எங்க?"

"அங்க, நோடி." அவன் கைகாட்டிய மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இரும்புப் பட்டை பிரிக்கப்படவில்லை. அதன் மேல் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது. "ஓப்பனே பண்ணல. வேந்தன் சார் வேணாம்னுட்டாரு. விநாயக் சார் ஸ்பீடு கேட்டாரு, நானும் அதான் சொன்னேன். இவரு, ஸ்பீடு வேணாம், பிடி வேணும்னாரு. கடைசில இவரு சொன்னதுதான் ஆச்சு."

"அன்னிக்கு?"

"காலைல படகை ஏரில ஓட்டிப் பாக்கறதுக்காக கிரேன்காரங்களோட வந்தேன். எல்லாரும் ஹொசக்கோட்டே ஆளுங்க. ஷெட் தொறந்து இருந்துது. வேந்தன் சார் இல்ல. படகு ரெடியா இருந்துது. ஏரிக்கு முன்னாடியே போயிட்டாருனு நெனச்சோம்."

"டிரைவுல ஏதாச்சும் தொங்கினுருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"ஏரியில இன்னா ஆச்சு?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "நல்லா ஓடுச்சு. கரைக்கு வரும்போது ரிவர்ஸ் போட்டேன். இன்ஜின் மூச்சு முட்டி அப்டியே நின்னுபோச்சு. படகு நிக்கல. கடைசிப் படில ஒரு கேமராக்காரர், கேமரா வழியாவே பாத்துட்டிருந்தாரு. தூரம் தெரியல அவருக்கு. வேந்தன் சார் கரை மேலேந்து ஓடி வந்தாரு. நாங்க எல்லாம், தன் படகைப் பாக்கற சந்தோஷத்துல ஓடி வராருனு நெனச்சோம். கேமராக்காரரைத் தள்ளி விட்டாரு. அப்புறம்..."

"போதும்," என்றார் ராஜம்மா.

"இன்னும் ஒண்ணு மேடம்." செல்போனை எடுத்து நீட்டினான். "பாட்டுப் போட போனை ஸ்பீக்கர்ல மாட்டியிருந்தேன். அப்புறம்தான் பாத்தேன். யார்கிட்டயும் காட்டல."

வரிசையாகத் தவறிய அழைப்புகள். எல்லாமே வேந்தன்.

நான் போய் ஒரு ஸ்பானரை எடுத்தேன், அதே இடத்தில் வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

"ஷெட்டைப் பூட்டிட்டுப் போயிருக்கலாமே அவரு?" என்று ஹரிஷ் கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை. அவனுக்குப் புரியவில்லை.

"டோக்கன் போட்டிருந்தாருப்பா," என்றேன். எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. பூட்டை உடைக்கலாம். டோக்கனை இந்த ஊரில் யார் தொடுவான்?

ராஜம்மா டோக்கனை ஹரிஷிடம் நீட்டினார். "கீழ உழுந்துடப் போவுது. அத்த அந்தப் பலகையில மாட்டிடு தம்பி."

அவன் வாங்கிக்கொண்டு போய், கைக்கு எட்டின முதல் ஆணியில் மாட்டினான். 214 எங்களைப் பார்த்துப் பளபளத்தது. ராஜம்மாவும் ஆஸ்டினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பையன் பாஸு," என்றார் ஆஸ்டின் மெதுவாக.

"எதுல?" என்றான் ஹரிஷ்.

"தப்பா மாட்றதுல."

ராஜம்மா சாக்பீஸ் கேட்டார். டிரைவின் மேல் பக்கம், இன்ஜினோடு சேர்கிற ஷாஃப்ட்டில் ஒரு கோடு. அடியில் முன் ப்ரொப்பெல்லரின் ஓர் இதழில் ஒரு கோடு. ஹரிஷ் கியரைப் போட்டான்.

"தகடு சொல்றது நெஜமா இருந்தா, கீழ பத்து சுத்து சுத்தறதுக்கு மேல இருபத்துமூணு சுத்தணும். சரியா தம்பி?"

"சரி மேடம்."

"ஆஸ்டின், சுத்து."

"ஆட்டோ டிரைவரு, அசிஸ்டென்டு, இப்போ செக்கு மாடு," என்று ஆஸ்டின் சட்டைக் கையை மடித்தார். இரண்டு கையாலும் ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுற்றினார். அவர் மேலே எண்ண, ஹரிஷ் கீழே எண்ணினான். நான் இரண்டையும் எண்ணினேன்.

கீழே பத்து வந்தபோது மேலே பதினாறு.

ஹரிஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ. 1.6. இது வேகமான கியரு. லேசான படகுக்குப் போடறது. ஒம்பது டன்னுக்கு இத்த... ரிவர்ஸ்ல இன்ஜின் எப்டி தாங்கும்?"

"வெளிய களிக்கட்டை, உள்ள சாம்பார் கரண்டி," என்றார் ராஜம்மா. நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. "தகடு மாத்தியிருக்காங்க. வேந்தன் தேர்ந்தெடுத்தது சரி. வந்து சேர்ந்தது வேற. அன்னிக்கு காலைல அவரும் இதே மாதிரி சுத்திப் பாத்திருக்காரு. கண்டுபிடிச்சிட்டாரு. அதான் நாடா."

அவருக்குத் தெரிந்திருந்தது. சிரிக்காமல் நின்றாரே, அது அதனால்தான்.

"அப்போ ஆர்தர் அண்ணனையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க," என்றேன். "பாவம், அவரும் எங்கியோ வாங்கினதுதான."

ராஜம்மா பலகையிலிருந்து டோக்கனை எடுத்துவந்தார். டிரைவில் மிச்சமிருந்த நாடாவின் அறுந்த முனையில் அதைக் கோத்து முடிந்தார். வேந்தன் போட்ட முடிச்சில் கை வைக்கவில்லை. பழைய தார்ப்பாயை எடுத்து டிரைவின் மேல் போர்த்தினார்.

"ஆஸ்டின், நீ காலைல ஆண்டர்சன்பேட்டைல இன்னா கேட்டியோ, அத்த நான் சொல்றப்போ சொல்லு. அதுவரைக்கும் ஜோக்கு கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

லாரி வந்தது. முதலில் ஆர்தர் அண்ணன் இறங்கினார். கையில் ரொட்டியும் ஆரஞ்சும் இருந்த பை. கிழவராகியிருந்தார். வேந்தனின் பாடையை முன்னால் பிடித்தவர் அவர்தான். அன்றிலிருந்து தோள் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

"சாப்டியா அன்பு? மூஞ்சி ஏன் இப்டி இருக்குது? உள்ள போ. இத்த ஏத்தறத நீ பாக்க வேணாம்."

"இருக்கட்டும் அண்ணே."

"ராஜம்மாவா? வாங்க வாங்க. இன்னா இந்தப் பக்கம்?"

"சும்மாதான். அன்புக்குத் துணைக்கு. நீங்க வேலையப் பாருங்க ஆர்தர்."

லாரியோடு இரண்டு கூலியாட்கள் வந்திருந்தார்கள், வெளியூர்ப் பையன்கள். ஒருவன் தார்ப்பாயை உருவினான். இன்னொருவன் குனிந்து டிரைவின் அடியில் கை கொடுத்தான். நாடாவில் டோக்கன் ஆடியது.

"ஏய்! தொடாத! கைய எடு!"

ஆர்தர் அண்ணன் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பையன் பாம்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னாண்ணா?"

"டோக்கன் தொங்குது, கண்ணு தெரியல? மாட்டினவன் வந்து எடுக்கறவரைக்கும் அதுல எவனும்..."

பேச்சு பாதியில் நின்றது.

"சொல்லுங்க ஆர்தர்," என்றார் ராஜம்மா. குரல் உயரவில்லை. "எவனும்?"

அவர் டோக்கனையே பார்த்தார்.

"நீங்கதான் இத்த எடுத்துக்கினு போவ வந்திருக்கீங்க. கழட்டி பக்கத்துல வெச்சிட்டு ஏத்துங்க. ஒரு முடிச்சுதான்."

ஆர்தர் அண்ணன் கையை நீட்டினார். கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"போன தடவை கத்தி இருந்துச்சு. சுலபமா இருந்திருக்கும்."

"இன்னா பேசறீங்க? அன்னிக்கு நான் கடைலதான் இருந்தேன்."

"ஆஸ்டின்."

"அன்னிக்கு காலைல வேந்தன் அண்ணன் உங்க கடைக்கு வந்தாரு," என்றார் ஆஸ்டின். முதல் முறையாக அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "ஷட்டரு மூடியிருந்துச்சு. எதிர்ல டீக்கடைல உக்காந்து வெயிட் பண்ணாரு. ரெண்டு டீ சொல்லியிருக்காரு. ஒண்ணு உங்களுக்கு. ஆறிப்போச்சுன்னு மாஸ்டர் சொன்னாரு."

ராஜம்மா தொடர்ந்தார். "அவரு அங்க உங்களுக்காகக் காத்திருக்கறப்போ, நீங்க இங்க வந்தீங்க. அவரு திரும்பி வர்றதுக்குள்ள படகு ஏரிக்குப் போயிடுச்சு. இந்த ஹரிஷோ கிரேன்காரனோ அந்த நாடாவை வெட்டியிருந்தா, டோக்கனைத் தரையில போட்டிருப்பான், ஜன்னல்ல வெச்சிருப்பான். நீங்க வெட்டினீங்க. ஆனா கீழ போட மனசு வரல. கொண்டு போய் அவரு ஆணியில மாட்டி, நம்பரைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சீங்க. தப்பு பண்றப்பகூட அத்த மட்டும் சரியா பண்ணீங்க ஆர்தர். அதான் மாட்டிக்கினீங்க."

ஆரஞ்சுப் பை அவர் கையிலிருந்து நழுவியது. ஒரு பழம் உருண்டு டிரைவின் சட்டத்தில் முட்டி நின்றது.

"2.3 கெடைக்கல," என்றார். எங்கள் யாரிடமும் இல்லாமல், டோக்கனிடம் சொன்னார். "வாங்கித் தரேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். தேதி நெருங்கிடுச்சு. எங்கியும் கெடைக்கல. பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான இருக்குது. தகடு மட்டும் அடிச்சி ஒட்டினேன். மங்களூர் போறதுக்குள்ள நெஜமானது கெடைச்சிடும், மாத்திடலாம்னு நெனச்சேன். ஏரிதான, கடலா?"

நான் அவர் எதிரில் போய் நின்றேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அவரு உங்ககிட்ட பேசினாரா அண்ணே?"

"காலைல போன் பண்ணான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "'தகடு பொய் சொல்லுது அண்ணே. டோக்கன் போட்டுட்டேன், இது இன்னிக்கு நகராது. கடைக்கு வரேன், பேசிக்கலாம். யார்கிட்டயும் சொல்லல, அன்புகிட்டகூட சொல்லல. உன் பேரு கெடக் கூடாது'ன்னான்."

ஹரிஷ் எழுந்து வெளியே போனான். சுவருக்குப் பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

நான் அழவில்லை. தரையில் கிடந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கினேன். பையில் போட்டு ஆர்தர் அண்ணன் பக்கத்தில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

ராஜம்மா விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், நாளைக்குக் குடுக்கற ரிப்போர்ட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. உங்களுக்கு ஒரு சாக்பீஸு வாங்கி வெச்சிருக்கேன். நேர்ல வாங்க."

கூலியாட்கள் காலி லாரியோடு போனார்கள். ஆர்தர் அண்ணன் போகவில்லை. பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, போலீஸ் ஜீப் வரும்வரை டிரைவின் முன்னாலேயே இருந்தார். ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை.

ஜீப் கிளம்பிய பிறகு ஆஸ்டின் என்னிடம் வந்தார். "அக்கா, டோக்கனைக் கழட்டி பலகையில மாட்டிடட்டுமா?"

"வேணாம் ஆஸ்டின்."

"இல்ல, இங்க ஆடினே இருக்குதே..."

"மாட்டினவரு வந்துதான எடுக்கணும்."

அவர் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணப் போனார்.

ரிப்போர்ட்டில் அந்த வரி வரவில்லை. கட்டியவரின் தேர்வு சரியானது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை ராஜம்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். விநாயக் படகை முடித்துக் கொடுக்க வேறு ஆளைத் தேடினார். ஹரிஷே வந்து நின்று, வேந்தன் கேட்ட அதே 2.3-ஐத் தேடிப் பிடித்துப் பொருத்தினான். பொருத்துவதற்கு முன் சாக்பீஸ் கோடு போட்டு, கையால் சுற்றிப் பார்த்தானாம். படகு இப்போது மங்களூரில் ஓடுகிறது. நன்றாக நிற்கிறது என்று போன் பண்ணிச் சொன்னான். ஓடுகிறது என்று சொல்லவில்லை, நிற்கிறது என்றுதான் சொன்னான்.

அந்தப் பாவாடைக்கு நான் வேறு நாடா வாங்கவில்லை. இன்னும் ஊக்குதான் போட்டுக்கொள்கிறேன்.